அந்தமானில் மாத வாடகை வீடு: மண்ணடி முகவரின் கணக்கும் உண்மைச் செலவும்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கு அந்தமானில் வீடு ஏற்பாடு செய்து தரும் முகவர் ஒருவர் மண்ணடியில், மளிகை மண்டி ஒன்றின் மாடியில், அலுவலகம் வைத்திருக்கிறார். சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் சரக்கு அனுப்பும் தொழிலை நெடுங்காலமாகச் செய்துவரும் குடும்பம் அவருடையது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேராகவே இருக்கும் தலைநகரில், தம் உறவினர்கள் வசமுள்ள சில வீடுகளைக் கட்டில், மேசை, அடுப்பு, ஃபிரிட்ஜ் சகிதம் அவர் மாத வாடகைக்கு விடுகிறார். அவற்றுள் ஒன்றில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தங்கி, வண்ணாரப்பேட்டையில் இருந்தபடி நான் பார்க்கும் அதே வேலையைப் பார்த்த அனுபவத்தின் அடிப்படையில் இம்மதிப்பீட்டை எழுதுகிறேன்.

ஒரு படுக்கையறை, கூடம், சமையலறை கொண்ட வீட்டுக்கு மாதம் 24,000 ரூபாய். ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். இதில் ஃபைபர் இணைய இணைப்பு, சமையல் எரிவாயு, இன்வெர்ட்டர், வாரம் ஒரு முறை வீட்டைத் துப்புரவு செய்யும் பணி ஆகியவை அடங்கும், மின்கட்டணம் தனி. இவற்றோடு, தட்டச்சு செய்த ஒரு தாளையும் முகவர் (‘பாய்’ என்றுதான் அவரை அழைப்பேன்) நம் கையில் கொடுக்கிறார். வாடகை 24,000, சாப்பாடு 7,000, இதர செலவு 4,000, ஆக மொத்தம் மாதம் 35,000 என்று அதில் இருக்கிறது. எனக்கு ஆனது 45,000. பயணச் செலவு இதில் சேரவில்லை. வாடகையில் ஒரு பைசா கூடவில்லை. வீடும் சொன்னபடியே இருந்தது. இடைவெளி முழுவதும் எஞ்சிய இரண்டு வரிகளில்தான் விழுந்தது என்பதால், அவற்றைத்தான் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வேலைக்கு அடிப்படையான இணையத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொரு தொழிலை யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. தீவுகளின் தொலைத்தொடர்பு பெரும்பாலும் செயற்கைக்கோளை நம்பியிருந்த காலத்தில், ஒரு கோப்பை அனுப்பிவிட்டுச் சமைத்துச் சாப்பிட்டு வரலாம் என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து அந்தமான், நிகோபார் தீவுகள் வரை ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 1,224 கோடி ரூபாய் செலவில், பி.எஸ்.என்.எல். மூலம் கடலடி ஒளியிழைக் கம்பி பதிக்கப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று அது தொடங்கிவைக்கப்பட்டது. அதன் பயனை வீட்டில் நேரடியாகக் காண முடிந்தது. காணொளிக் கூட்டங்களில் என் குரல் தடுமாறவில்லை. பெரிய கோப்புகள் வண்ணாரப்பேட்டையில் ஏறும் வேகத்திலேயே ஏறின. சென்னைக் கரையில் தொடங்கும் கம்பி என்பதால் அதில் எனக்கு ஒரு சின்ன உரிமையுணர்வும் இருந்தது.

ஆனால் முகவர் சொல்லும் ‘தடையில்லா இணையம்’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. தெருவில் குழி தோண்டியபோது வீட்டுக்கு வரும் இழை அறுபட்டு, ஒரு வேலைநாளின் பிற்பகல் முழுவதும் இணைப்பு இல்லாமல் போனது. இத்தகைய நேரத்துக்கென்று தருவதாகச் சொல்லியிருந்த மாற்று மோடம் வீட்டில் இல்லை. கேட்டபோது வேறு வீட்டில் இருப்பதாகப் பதில் வந்தது. கைப்பேசி இணையத்தை வைத்து அன்று சமாளித்தேன். அதன்பின் வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையை மாதம் 400 ரூபாய்ச் செலவில் கூடுதலாக வைத்துக்கொண்டேன். இந்த 400 ரூபாயை முகவரின் தாளில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இனி சாப்பாடு. பணத்தைக் கரைப்பது இதுதான். கொத்தவால் சாவடியிலும் எம்.சி. ரோட்டிலும் பேரம் பேசிப் பழகிய நமக்கு, தீவின் காய்கறிக் கடை முதல் நாளே ஒரு பாடம் எடுக்கிறது. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி என்று அன்றாடச் சமையலுக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கடல் கடந்து வருகிறது. சென்னைக்கும் அவ்வூருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேல். வண்ணாரப்பேட்டையில் கிலோ 25 ரூபாய்க்கு வாங்கிவந்த தக்காளிக்கு நான் அங்கே சென்ற வாரத்தில் 60 ரூபாய் கொடுத்தேன். விலை கூடுதல் என்பதைவிட, அது நிலையாக நிற்பதில்லை என்பதுதான் மாதக் கணக்கைக் குலைக்கிறது. சரக்குக் கப்பல் தாமதமான ஒரு வாரத்தில் வெங்காயத்தின் விலையைக் கேட்டு நான் தயங்கி நின்றபோது, ஜங்க்லிகாட் சந்தையில் கடை போட்டிருந்த அம்மா, “கப்பல் வரட்டும் தம்பி, தன்னால எறங்கும்” என்றார். கப்பல் வந்தது; விலையும் இறங்கியது; ஆனால் அதற்குள் என் வாரச் செலவு எழுதப்பட்டுவிட்டது.

பேரத்தைத் தமிழிலேயே நடத்தலாம் என்பது ஓர் ஆறுதல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். வங்காளமும் இந்தியும் அதற்கு மேல் இருந்தாலும், கடைத்தெருவில் மொழி தெரியாமல் திண்டாட வேண்டிய நிலை எனக்கு ஒருமுறையும் ஏற்படவில்லை. புதிதாக வந்தவரிடம் கூடுதல் விலை சொல்வது எந்த ஊருக்கும் பொதுவான வழக்கம் என்றாலும், மொழி தெரிந்தவரிடம் அது சற்றுக் குறைவாகவே நடக்கிறது.

தீவிலேயே விளைவதும் பிடிபடுவதும் வேறு கதை. தேங்காய், வாழைப்பழம், கீரை வகைகள் ஆகியவற்றுக்கு நான் கொடுத்த விலை வட சென்னை விலையை ஒட்டியே இருந்தது. சிலவற்றில் குறைவாகவும் இருந்தது. மீனைப் பற்றிக் காசிமேட்டுக்கு அருகில் வசிப்பவர்கள் யாரிடமும் எளிதில் தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. நானும் அந்தக் கட்சிதான். இருந்தாலும் காலையில் கரை சேர்ந்த சூரை மீனை ஜங்க்லிகாட்டில் வாங்கிய விலைக்குக் காசிமேட்டில் வாங்கியதாக எனக்கு நினைவில்லை. வாரத்தில் நான்கு நாள் மீன் குழம்பும் சோறும், எஞ்சிய நாள்களில் கீரையும் தேங்காய்த் துவையலும் என்று இரண்டாவது மாதத்தில் சமையலைத் திருத்திக்கொண்டபோது, மளிகையும் காய்கறியும் மீனும் சேர்ந்து 9,500 ரூபாய்க்குள் நின்றன. முதல் மாதம், பழக்கத்தின் காரணமாகச் சாம்பாரும் பொரியலும் கூட்டும் சமைத்தபோது, அதே தலைப்பில் இன்னும் கூடுதலாகவே போயிற்று. ஆகவே சைவ உணவுக்காரர்களுக்கு முகவரின் 7,000 ரூபாய் என்ற மதிப்பு எந்த வகையிலும் பொருந்தாது. பாலும் அப்படித்தான். ஆவின் நீல நிறப் பாக்கெட்டை அரை லிட்டர் 20 ரூபாய்க்கு வாசலில் வாங்கிப் பழகியவர்கள், அங்கே பால் பவுடருக்கு மாறுவதே சிக்கனம் என்பதை விரைவில் கண்டுகொள்வார்கள்; காபியின் சுவையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வெளியில் சாப்பிட 2,500 ரூபாய் ஆனது. இட்லி, தோசை கிடைக்கும் தமிழர் கடைகள் அபர்டீன் கடைவீதிப் பக்கம் உண்டு. தரம் நன்று, விலை நம்மூரின் நடுத்தர உணவகத்தை ஒத்தது. தண்டையார்பேட்டைக் கையேந்தி பவன் விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது போக்குவரத்து. அரசுப் பேருந்து இருக்கிறது, அதில் போய்வரலாம் என்ற எண்ணத்தில் முகவர் தம் தாளில் வண்டிச் செலவைச் சேர்க்கவே இல்லை. பேருந்துக் கட்டணம் குறைவுதான். ஆனால் அவ்வூர் முழுவதும் குன்றுகளின் மேல் ஏறி இறங்கும் தெருக்களால் ஆனது. நான் தங்கிய டெலானிபூர் வீடும் மேட்டில்தான் இருக்கிறது. வட சென்னையில் பிறந்து வளர்ந்தவனுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். அரிசிப் பையையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் நடப்பதைச் சில நாள்களிலேயே கைவிட்டு, மாதம் 6,000 ரூபாய் வாடகையில் ஸ்கூட்டர் ஒன்றை எடுத்தேன். அதற்கும் முகவரின் உறவினரே உதவினார். வண்டி நல்ல நிலையில் இருந்தது. காப்பீட்டுத் தாள்கள் சரியாக இருந்தன.

இதில் ஒரு வியப்பு காத்திருந்தது. எல்லாப் பொருளையும் போலவே கடல் வழியாக வரும் பெட்ரோல், சென்னையைவிட அங்கே மலிவு. இங்கே லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி விற்றபோது, அங்கே 82 ரூபாய் அளவில் போட்டேன். உள்ளூர் விற்பனை வரி மிகக் குறைவாக இருப்பதே இதற்குக் காரணம். சிறிய ஊர் என்பதால் மாதம் 800 ரூபாய்க்கு மேல் தேவைப்படவில்லை. வெங்காயத்தில் இழந்ததை இதில் மீட்டுவிட முடியாது என்றாலும் மனத்துக்கு இதமாக இருந்தது.

மின்கட்டணம் மாதம் 1,300 ரூபாய் வந்தது. இரவில் மட்டும் ஏ.சி. போட்டேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைத்துப் பழகியதால் அந்தப் பட்டியல் பெரிதாகத் தோன்றுகிறதே தவிர, உண்மையில் அது தீவின் உற்பத்திச் செலவோடு ஒப்பிடக்கூடிய தொகையே இல்லை. பெரும்பகுதி மின்சாரம் டீசல் இயந்திரங்களில் உற்பத்தியாகிறது. அதன் அடக்கவிலையில் பெரும்பங்கை அரசு ஏற்றுக்கொண்டு மானிய விலையில் வழங்குகிறது. நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் அங்கே 20 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்திருக்கிறது என்ற செய்தி நம் வாசகர்களுக்குப் பிடிக்கலாம். மின்தடை அவ்வப்போது வந்தது. இன்வெர்ட்டர் ஒருமுறையும் ஏமாற்றவில்லை. இந்த ஒன்றில் முகவர் சொன்னதைவிடக் கூடுதலாகவே செய்திருந்தார் என்று சொல்ல வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியவில்லை. மே முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும் மழை ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தும், ஜனவரிக்குப் பின் அவ்வூர் வறண்ட மாதங்களுக்குள் நுழைகிறது. நகரின் முக்கிய நீராதாரமான தனிக்காரி அணையில் நீர் இறங்க இறங்க, குழாயில் தண்ணீர் விடும் நாள்களுக்கு இடையே இடைவெளி கூடுகிறது. லாரித் தண்ணீரும் தெருக்குழாய்க் குடமும் வட சென்னைக்குப் புதியவை அல்ல என்பதால் எனக்கு அதிர்ச்சி எதுவுமில்லை. ஆனால் வீட்டுத் தொட்டி சிறியது என்பதையும், மார்ச் மாதத்தில் தனியார் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். லாரிக்கான பணத்தை யார் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. பேசிப் பார்த்ததில் பாய் முழுத் தொகையையும் ஏற்றுக்கொண்டார். என் தயவில் அவர் இல்லை, ஆனாலும் செய்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். குடிநீர்க் கேன்களுக்கு நான் செலவிட்டது 500 ரூபாய்.

இந்தத் தலைப்புகள் எல்லாவற்றையும் கூட்டினால்தான் 45,000 வருகிறது. முன்பு ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட சுவராஜ் தீவுக்கு வார இறுதியில் போய்வந்த செலவை இதில் சேர்க்கவில்லை. அது வாழ்க்கைச் செலவில் வராது, ஆசைச் செலவு. அரசுப் படகில் இடம் கிடைத்தால் அது கையைக் கடிக்காது என்று மட்டும் சொல்லலாம்.

பயணச் செலவைப் பற்றி அந்தத் தாளில் எதுவுமே இல்லை. ஒரே ஒரு மாதத்துக்குப் போகிறவர்களின் மொத்தக் கணக்கையும் மாற்றிவிடும் தொகை அது. போகும்போது கப்பலில், கட்டணம் மிகக் குறைந்த அடுக்குப் படுக்கை வகுப்பான ‘பங்க்’ வகுப்பில் சென்றேன்; வரும்போது விமானம். இரண்டும் சேர்ந்து, கப்பல் சாப்பாட்டோடு, 11,000 ரூபாய் ஆயின. ஒரு மாதம் மட்டும் தங்குபவருக்கு இந்த 11,000 முழுவதும் அந்த மாதத்தின் தலையில் விழுந்து, 45,000 என்பது 56,000 ஆகிவிடும். இரண்டு மாதம் என்றால் மாதத்துக்கு 5,500. நான்கு மாதம் என்றால் 3,000-க்கும் கீழே. தீவுவாசி அட்டை வைத்திருக்கும் உள்ளூர் மக்களுக்குக் கப்பலில் சலுகைக் கட்டணம் உண்டு. மாத வாடகைக்குப் போகும் நமக்கு அது கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கப்பல் ஏறக்குறைய மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. நடுக்கடலில் கைப்பேசிச் சமிக்ஞை இல்லாததால் அந்த மூன்று நாளுக்கும் விடுப்பு எடுத்தாக வேண்டும். மாதத்துக்குச் சில முறை மட்டுமே புறப்படுவதால், கால அட்டவணை வெளியானதும் ராஜாஜி சாலையில் உள்ள அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் அலுவலகத்தில் விசாரித்துவிட்டே வீட்டுக்கு முன்பணம் கட்டுவது அறிவுடைமை. ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ இருப்பவர்களுக்கு அந்த அலுவலகம் ஒரு மெட்ரோ பயணத் தொலைவு. விமானத்தின் 15 கிலோ வரம்பில் கொண்டுபோக முடியாத கணினித் திரையையும் புழுங்கல் அரிசி, துவரம்பருப்பு, புளி, மிளகாய்த்தூள் ஆகியவற்றையும் நான் கப்பலில் ஏற்றிச் சென்றேன். முதல் மாதக் காய்கறிச் செலவின் அடியைச் சற்றுத் தாங்க வைத்தது இந்த மூட்டைதான். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது கப்பல் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்தத் தாளிலும் எழுதப்படாத இன்னொரு செலவு இருக்கிறது. வண்ணாரப்பேட்டை வீட்டைக் காலி செய்யாமல் பூட்டிவிட்டுப் போனதால், இங்கே 11,000 ரூபாய் வாடகையும் மாதந்தோறும் போய்க்கொண்டே இருந்தது. சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கும், பெற்றோருடன் இருப்பவர்களுக்கும் இந்தச் சுமை இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் இரட்டை வாடகையைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், தீவில் வாழ்வது மலிவு என்று பரவலாகப் பேசப்படுவது எவருக்குப் பொருந்தும் என்பது தெளிவாகும். சென்னையின் தென்பகுதியில் ஐ.டி. நிறுவனங்களை ஒட்டி 25,000, 30,000 வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர், வீட்டையே காலி செய்துவிட்டுப் போனால் அவருக்குக் கொஞ்சம் மிஞ்சலாம். தண்டையார்பேட்டையிலும் பெரம்பூரிலும் குடியிருப்பவர்களுக்கு இது எந்தக் கணக்கிலும் சேமிப்பு ஆகாது. எனக்கு வண்ணாரப்பேட்டையில், வாடகை உட்பட, மாதம் 28,000 ரூபாயில் வாழ்க்கை நடக்கிறது. இருவர் சேர்ந்து போய், வீட்டையும் வண்டியையும் பங்கிட்டுக்கொண்டால் தலைக்கு 15,000 குறையும். அப்போது 30,000 என்பது எட்டக்கூடிய தொகை. முகவர் தம் தாளை, இருவர் சேர்ந்து போகும்போது தலைக்கு ஆகும் கணக்காக எழுதியிருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை ஒரு தகவல். கடிகாரம் நம்முடையதே என்றாலும், சென்னையிலிருந்து வெகுதூரம் கிழக்கே இருப்பதால் அங்கே கதிரவன் ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாக உதித்து, முன்னதாகவே மறைகிறது. பிப்ரவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. காலை பத்து முதல் இரவு ஏழு வரை வேலை பார்க்கும் எனக்கு, வேலை முடிந்தபின் கடற்கரை என்ற கனவு முதல் வாரத்திலேயே கலைந்தது. அதற்குப் பதிலாக விடியலில் கடலில் நீந்திவிட்டு வந்து வேலைக்கு உட்காரும் வழக்கம் அமைந்தது. வேலையை விடிகாலையில் தொடங்கி மதியம் முடிக்க அனுமதிக்கும் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு அவ்வூர் இன்னும் பொருத்தமானது.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் இந்த வீடுகளில் தங்குகிறார்கள். வெளிநாட்டவருக்கு இடம் கொடுப்பவர் அந்தத் தகவலை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது நாடு முழுவதும் உள்ள விதி. அதை முகவரின் உறவினர் முறையாகச் செய்வதைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன்.

இந்தச் சேவையை மறுபடி எடுப்பேனா என்றால், எடுப்பேன். ஆனால் மூன்று மாதத்துக்குக் குறையாமல், துணைக்கு ஒருவரோடு, மழை ஓய்ந்து அணை நிறைந்திருக்கும் டிசம்பர் கடைசியில் தொடங்கும்படி எடுப்பேன். பணம் கட்டுவதற்கு முன் மாற்று மோடம் வீட்டிலேயே இருக்கும் என்பதையும், லாரித் தண்ணீர் வீட்டுக்காரர் பொறுப்பு என்பதையும் எழுத்தில் வாங்குவேன். மூன்று மாதத்துக்கு எடுத்தால் வாடகையை 22,000-க்குக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். பாய் யோசித்துவிட்டு, ஏப்ரல் மாதத்தையும் சேர்த்து எடுத்தால் தருவதாகச் சொன்னார். தண்ணீர் குறைவாக இருக்கும் மாதம் அது என்பதால் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். என் முன்பணம், மின்கட்டணப் பாக்கி போக, ஊர் திரும்பிய வாரத்திலேயே வங்கிக் கணக்குக்கு வந்துசேர்ந்தது.